திறக்கச் சொன்னால் திறந்துவிடுமா?

சி மொழி லேப்களில் வருடா வருடம் நடக்கும் காட்சி இது. மாணவர்களின் மதிப்பெண்களை ஒரு கோப்பிலிருந்து படித்துக் கூட்டிக் காட்ட வேண்டும். எஃப்ஓப்பன், எஃப்ஸ்கேன்எஃப், எஃப்குளோஸ்... மூன்றும் வரிசையாக இருக்கிறதா? திரையில் விடை வந்துவிட்டதா? முழு மார்க். அடுத்த ஆள் வரலாம்! அந்தக் கோப்பு அங்கே இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

புத்தகத்தில் அதற்கான வரி இருக்கத்தான் செய்கிறது. எஃப்ஓப்பன் தந்த பாயின்டர் 'நல்' ஆக இருந்தால் செய்தி சொல்லிவிட்டு வெளியேறு என்ற வரி. ரெக்கார்டு நோட்டில் அது அப்படியே காப்பி ஆகும். தேர்வில் நேரம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவதும் அதே வரிதான். அது இல்லாவிட்டாலும் நிரல் ஓடுகிறது, மார்க்கும் குறைவதில்லை. சரி, இது வெறும் சம்பிரதாயம் என்று மாணவர் முடிவு கட்டிவிடுகிறார். பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. எஃப்ஓப்பன் கட்டளை அல்ல, கேள்வி. "இந்தக் கோப்பைத் திறந்து தர முடியுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதில் வாங்காமல் நடையைக் கட்டுவதற்குத்தான் மூன்று வருடப் பயிற்சி கிடைக்கிறது.

இது புரிய வேண்டுமானால் ஸ்ட்ரீம் என்றால் என்ன என்று முதலில் புரிய வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டெனிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் கோப்புகளை ஒவ்வொரு விதமாகக் கையாண்ட காலம் அது. ஒரு இயந்திரத்தில் எழுதிய நிரல் இன்னொன்றில் ஓட வேண்டுமானால் நடுவில் பொதுவான ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது. அங்கேயே பணியாற்றிய மைக் லெஸ்க் அதற்காக ஒரு நூலகத்தை எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான், 1979ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டாண்டர்டு இன்புட் அவுட்புட் நூலகம். அதன் அடிப்படை எண்ணம் மிக எளிது. விசைப்பலகையோ, வட்டில் உள்ள கோப்போ, பிரிண்டரோ, நிரலின் கண்ணுக்கு எல்லாமே வரிசையாக ஓடும் பைட்டுகள்தான். அந்த ஓட்டத்துக்குப் பெயர்தான் ஸ்ட்ரீம்.

நடுவில் ஒரு பஃபரும் உண்டு. தெருக்குழாயிலிருந்து டம்ளர் டம்ளராக யாரும் தண்ணீர் கொண்டுவருவதில்லை. ஒரு குடம் பிடித்து வீட்டில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது மொண்டு குடிக்கிறார்கள். பஃபர் அந்தக் குடம். ஒவ்வொரு எழுத்துக்கும் வட்டுக்கு ஓடாமல், சில ஆயிரம் பைட்டுகளை மொத்தமாகக் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறது. எஃப்ஓப்பன் திருப்பித் தரும் ஃபைல் பாயின்டர், இந்தக் குடமும் குழாயும் சேர்ந்த ஏற்பாட்டின் முகவரி. குழாயே இல்லாத இடத்தில் முகவரி எங்கிருந்து வரும்? 'நல்' தான் வரும்.

அது வருவதற்குக் காரணங்கள் பல. கோப்பு இல்லாமல் இருக்கலாம். அனுமதி இல்லாமல் இருக்கலாம். ஏற்கெனவே திறந்தவற்றை மூடாமல் விட்டதால் எண்ணிக்கை வரம்பு முட்டியிருக்கலாம். ஒரே நேரத்தில் குறைந்தது 8 ஸ்ட்ரீம்கள் திறக்க முடியும் என்பதுதான் சி தரநிலை தரும் உத்தரவாதம். அந்த 8ல் மூன்று, மெயின் தொடங்கும் முன்பே திறந்திருக்கும் ஸ்டிடிஇன், ஸ்டிடிஅவுட், ஸ்டிடிஎர்.

நம்மூர் லேப்களில் நீண்ட காலம் கோலோச்சிய டர்போ சி-யில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கோப்பின் பாதையை எழுதும்போது சி டிரைவ், டிசி ஃபோல்டர், பின் ஃபோல்டர் என்று சின்ன எழுத்துகளில், ஒற்றைப் பின்சாய்கோடு போட்டு எழுதிவிடுவார்கள். பின்சாய்கோட்டை அடுத்து வரும் 'டி' டேப் ஆகிவிடும், 'பி' பேக்ஸ்பேஸ் ஆகிவிடும். அப்படி ஒரு பெயரில் உலகத்தில் எந்தக் கோப்பும் இருக்காது. பதிலைப் பார்க்காத மாணவர் "கோப்பு அங்கேதானே இருக்கிறது!" என்று ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்வார். டாஸில் நினைவகப் பாதுகாப்பு இல்லாததால் நிரல் சில நேரம் எதுவுமே நடக்காதது போல ஓடி, கடைசியில் 'நல் பாயின்டர் அசைன்மென்ட்' என்று முனகிவிட்டு முடியும். லினக்ஸில் அதே தவறுக்கு 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று முகத்தில் அடித்தாற்போல் நிற்கும். இரண்டுமே காரணத்தைச் சொல்லாது. பதிலைச் சரிபார்த்து பி-எரர் என்ற ஒரே வரியைப் போட்டிருந்தால், அப்படிக் கோப்பு இல்லை என்று காரணம் திரையில் வந்திருக்கும்.

திறக்க முடியாமல் போவதாவது பரவாயில்லை. திறந்துகொண்டதே ஆபத்தாக முடிவதும் உண்டு. 'டபிள்யூ' முறையில் திறந்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கும் கோப்பு அந்த நொடியிலேயே காலியாகிவிடும். ஒரு எழுத்துகூட எழுதியிருக்கத் தேவையில்லை, திறந்தாலே போதும்! ஒரு மாணவர் பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்குக் கடன் பாக்கி நிரல் எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஏ' போட வேண்டிய இடத்தில் 'டபிள்யூ' போட்டுவிட்டார். மறுநாள் காலை முதல் கணக்கைப் பதியும்போதே மாதக் கணக்கான பாக்கி போச்சு. எந்த எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் சி-யைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. ஏற்கெனவே கோப்பு இருந்தால் திறக்க மறுக்கும் 'எக்ஸ்' என்ற எழுத்து தரநிலைக்குள் வந்ததே 2011ல்தான். ஆனால் வகுப்பில் நடப்பது என்ன? ஆர், டபிள்யூ, ஏ என்று ஒரு அட்டவணை, அதை மனப்பாடம் செய்தால் இரண்டு மார்க்.

விவரம் தெரிந்தவர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு பிஎன்ஜி படக் கோப்பு நல்ல உதாரணம். விண்டோஸில் 'பி' எழுத்தை விட்டுவிட்டு, படத்தை எழுத்துக் கோப்பு போலத் திறந்தால் வரி முடிவுக் குறிகள் மாறிப்போகும், 26 என்ற பைட்டைக் கண்டதும் கோப்பே முடிந்தது என்று நின்றுவிடும். 1996ல் வந்த பிஎன்ஜி வடிவத்தின் முதல் 8 பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. யாராவது தவறான முறையில் திறந்து கையாண்டால் இந்த வரிசை கெட்டுப்போய்த் தவறு உடனே வெளிப்பட வேண்டும் என்பதற்காகவே இப்படி வைத்தார்கள். தவறு நடக்கும் என்று எதிர்பார்த்துக் கட்டிய வீடு அது.

மூடும்போதும் இதே கதைதான். எஃப்பிரின்ட்எஃப் வெற்றி என்று சொன்னால், தகவல் குடத்துக்குள் விழுந்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். வட்டில் இடம் இல்லை என்பது எஃப்குளோஸ் குடத்தைக் கவிழ்க்கும்போதுதான் தெரியவரும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். 'டெவ்' ஃபோல்டருக்குள் 'ஃபுல்' என்று எப்போதும் நிரம்பியே இருக்கும் ஒரு போலிக் கோப்பு இருக்கிறது. அதைத் திறந்து ஒரு வரி எழுதினால் எழுதியாயிற்று என்றே பதில் வரும். எஃப்குளோஸ்தான் உண்மையைச் சொல்லும். அதன் பதிலைப் பார்க்கும் மாணவர் எத்தனை பேர்?

இதற்கு இரண்டு மறுப்புகள் வழக்கமாக வரும். ஒன்று, புதிதாகப் படிப்பவருக்கு இத்தனை சோதனை வரிகள் குழப்பம் தரும் என்பது. நான்கு வரி குழப்பும் என்றால், காரணம் தெரியாமல் லேப் முழுக்க விழிப்பது குழப்பமில்லையா? இரண்டாவது, பைத்தான் போன்ற மொழிகளில் கோப்பு திறக்காவிட்டால் மொழியே நிரலை நிறுத்திவிடுமே என்பது. இது ஓரளவு நியாயமானது. ஆனால் பரவலாகப் பயன்படும் பைத்தானே சி-யில் எழுதப்பட்டது. அங்கே பதிலைச் சரிபார்க்க யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். மேலும் பைத்தானும் அதே ஆர், டபிள்யூ, ஏ எழுத்துகளைத்தான் வைத்திருக்கிறது. அங்கேயும் 'டபிள்யூ' சத்தமில்லாமல் துடைத்துவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய பாடத்திட்ட மாற்றம் ஒன்றுமில்லை. லேப் தேர்வில் நிரல் ஓடி முடிந்ததும், தேர்வாளர் அந்த உள்ளீட்டுக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு "இப்போது ஓட்டுங்கள்" என்று சொன்னால் போதும். பாதி மார்க் அதற்கு. நிரல் காரணத்தைச் சொல்லிவிட்டு நாகரிகமாக வெளியேறுகிறதா, அல்லது குப்புற விழுகிறதா என்று பார்த்துவிடலாம். அப்படி ஒரே ஒரு தேர்வு நடந்தால், அடுத்த வருடம் அந்த வரியை யாரும் வெட்ட மாட்டார்கள். மளிகைக்கடைக்காரரின் பாக்கி நோட்டும் பிழைத்துக்கொள்ளும்.