முப்பதாம் நாள் எவ்வளவு?

லிங்கராஜபுரத்து மருந்துக்கடைகளில் சர்க்கரை அளவு பார்க்கும் பட்டைகள் நாள்தோறும் விற்பனையாகின்றன. குருதித் துளி பட்டவுடன் பட்டையிலுள்ள நொதி குளுக்கோசிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கிறது. மின்முனை அவற்றைப் பெறுகிறது. கருவி எண்ணைக் காட்டுகிறது. சில நொடிகளில் பணி முடிந்து பட்டை குப்பைக்குப் போகிறது. ஏறத்தாழ இதே வினையை இடைவிடாமல் நிகழ்த்தி மின்சாரம் பெற முயல்வதே நொதி எரிபொருள் மின்கலம். முதல் ஆய்வு 1964இல் வெளிவந்தது. 2010இல் பிரான்சின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் எலியின் உடலுக்குள் பொருத்தியே மின்சாரம் பெற்றனர். ஆயினும் இதயமுடுக்கியை இயக்கும் மின்கலம் இன்னும் மருத்துவமனையை எட்டவில்லை.

பழி பெரும்பாலும் நொதியின்மேல் விழுகிறது. புரதம் எளிதில் சிதையும் என்பது உண்மையே. எனினும் மின்முனையின் பங்கு அதற்குக் குறைந்ததன்று. குளுக்கோஸ் ஆக்சிடேசின் வினைமையம் புரத மடிப்புகளுக்குள் ஆழப் புதைந்திருக்கிறது. தொலைவு கூடக்கூட எலக்ட்ரான் தாவும் வேகம் மடங்கு மடங்காகக் குறையுமாதலால், தட்டையான மின்முனைக்கு அம்மையம் எட்டுவதில்லை. ஆடம் ஹெல்லர் ஆஸ்மியம் சேர்ந்த பலபடிகளைக் கொண்டு நொதிக்கும் மின்முனைக்கும் இடையே பாலம் அமைத்தார். வேறு சிலர் கார்பன் நானோகுழாய்களை நாடினர். பாலமாகும் சேர்மம் மெல்லக் கசிந்து வெளியேறலாம். நுண்துளைகளின் ஆழத்துக்கு எரிபொருள் போதிய அளவு சென்று சேராமற்போகலாம்.

இக்குறைகள் முதல்நாள் அளவீட்டில் தெரிவதில்லை. தூய தாங்கல் கரைசலில் பெற்ற உச்சத்திறன் கட்டுரையின் தலைப்பில் இடம்பெறுகிறது. குருதியில் உள்ள குளோரைடு லக்கேஸ் நொதியை முடக்குவது போன்ற செய்திகள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. தடித்த நுண்துளை மின்முனையின் மின்னோட்டத்தை வெளிப்பரப்பால் மட்டும் வகுத்தால் எண் பெரிதாகத் தோன்றும். உள்ளே எவ்வளவு பரப்பு, எவ்வளவு நொதி என்று சொல்லாதவரை, அந்த எண்ணைக் கொண்டு இரு பொருள்களை ஒப்பிட இயலாது.

1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் கடற்கரையில் அரிமானச் சோதனை நிலையம் ஒன்றை நடத்திவருகிறது. உலோகத்தை உப்புக்காற்றுக்கும் கடல்நீருக்கும் விட்டு நெடுங்காலம் காத்திருந்து அளப்பதே அத்துறையின் முறை. முதல்நாள் பளபளப்பைக் கண்டு எவரும் அங்கே உலோகத்தின் ஆயுளைக் கணிப்பதில்லை. அந்தப் பொறுமை நொதி மின்கல ஆய்வுக்கும் வேண்டும்.

உதவித்தொகையின் காலவரம்பும் இதழ்களின் புதுமைப்பசியும் ஆய்வுமாணவரை விரைவுபடுத்துகின்றன. ஆகவே குறை அவர்களுடையது மட்டுமன்று. வாய்மொழித் தேர்வில் நெறியாளரும் தேர்வாளரும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கலாம்: "உடல்நீரை ஒத்த கரைசலில் முப்பதாம் நாள் திறன் எவ்வளவு?" விடை சிறிய எண்ணாக இருப்பின், அதையும் வெளியிடுவதற்கு மதிப்பெண் உண்டு என்ற நிலை வரவேண்டும். மார்புக்குள் கருவியைச் சுமக்கப்போகிறவருக்குப் பயன்படுவது அந்தச் சிறிய எண்ணே.