வேலை தேடுபவர் கையில் ஒரு கொப்பி

வெள்ளாண்மை செய்தவருக்கு ஒழுங்கு என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எந்த வட்டைக்கு எப்போது தண்ணீர் வரும், எத்தனை மூடை விதைநெல் வேண்டும், போடியாருக்கு எவ்வளவு, முல்லைக்காரருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு மனக்கணக்கு. அதே மனிதர் நிலத்தை விட்டு எழும்பி, அந்நிய ஊரில் தொழிலுக்கு அலையும்போது அந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. இது சோம்பலால் வருவதல்ல. காலத்தைக் காட்டிய வயலும் வாய்க்காலும் அவர் கண்முன் இல்லை.

1990இலும், 2004 கடற்கோளின்போதும், 2006, 2007 போர்க்காலத்திலும் எமது வாவிக்கரை மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு வந்த பலர் உடுத்த உடையோடு வந்தவர்கள். அன்று தொலைந்த பத்திரங்களின் கதை இன்னும் முடியவில்லை.

அண்மையில் ஒரு தகப்பன் மகனோடு எம்மிடம் வந்தார். மகனுக்குக் காவலாளி வேலை கிடைக்கும் போலிருந்தது. சொப்பிங் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: பழைய நிவாரண அட்டை, மருந்துத் துண்டு, அடகுச் சிட்டை. பிறப்புச் சான்றிதழ் மட்டும் இல்லை. அதற்கு விண்ணப்பித்து எடுத்து வருவதற்குள் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். பிழை யாருடையது என்று வாதாடலாம். ஆனால் வீட்டில் இருப்பது அந்தப் பிள்ளைதான்.

ஆகவே, முதலில் ஒரு கோப்பு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், பரீட்சைப் பெறுபேறு, வேலை செய்த இடத்துக் கடிதம் ஆகியவற்றை நனையாத உறையில் ஒன்றாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டோப் பிரதி எடுத்து, ஒரு தொகுதியை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு கிராம சேவையாளரிடம் இன்றே போங்கள். வேலை வரும்போது பார்த்துக்கொள்வோம் என்றால், வேலை உங்களுக்காகக் காத்திராது.

இரண்டாவது, ஒரு கொப்பி. எந்தத் திகதியில் எங்கே போனீர்கள், யாரைச் சந்தித்தீர்கள், என்ன சொன்னார்கள், திரும்ப எப்போது வரச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் படிக்கும் பிள்ளை எழுதட்டும். "நாளைக்கு வாங்க" என்று மூன்று முறை சொன்ன அதிகாரி, திகதிகளை வாசித்துக் காட்டினால் நான்காம் முறை யோசிப்பார்.

மூன்றாவது, தொழிலுக்கும் போகம் உண்டு. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழையில் கட்டட வேலை குறையும். தை, மாசியில் அறுவடைக்கு ஆள் தேவைப்படும். அதை முன்கூட்டியே கணக்கிட்டு, மழைக்காலத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். உழவு இயந்திரம் ஓட்டவும் நீர்ப்பம்பி திருத்தவும் தெரிந்தவர்கள் எம்மிடையே பலர். அவர்கள் கையில் சான்றிதழ் மட்டும் இல்லை. அனுபவத்தால் கற்ற தொழிலையும் பரீட்சித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின், கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர் தோணிக்கும் பாதைக்கும் காத்திராமல் ஆரையம்பதிப் பக்கம் வேலைக்கு வந்து போகலாம். தேடும் எல்லையையும் அதற்கேற்ப விரியுங்கள்.

மத்திய கிழக்குக்குப் போக நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. முகவர் யாராயிருந்தாலும், அவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி உண்டா என்று பணியகத்திடமே கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டின் பிரதியும் ஒப்பந்தத்தின் பிரதியும் வீட்டில் இருக்கட்டும். நுண்கடன் எடுத்து முகவருக்குக் கட்டிவிட்டு, வேலையும் இல்லாமல் வட்டியும் சுமக்கும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் சொல்வதால், வேலையில்லாதது ஏழையின் குற்றம் என்று யாரும் எண்ணக்கூடாது. ஒழுங்கு மக்களுக்கு மட்டும் உரியதல்ல. ஒரே பத்திரத்துக்காக ஒரு கூலியாளை நான்கு நாள் அலைக்கழிக்கும் அலுவலகம், நான்கு நாட் கூலியை அவரிடமிருந்து பறிக்கிறது. தேவையான பத்திரங்கள் எவையென்று வாசலில் தமிழில் எழுதிப் போட என்ன செலவு? எம்மைப் போன்ற தொண்டு நிறுவனங்களும், பயிற்சி முடிந்த அன்றே படம் பிடித்துவிட்டுப் போகாமல், ஆறு மாதம் கழித்து எத்தனை பேருக்குத் தொழில் கிடைத்தது என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, அந்தக் கோப்பின் அடியில் உங்கள் காணி அனுமதிப்பத்திரமும் இருக்கட்டும். அதை யாருக்கும் ஈடு வைக்காதீர்கள். இன்று கிடைக்கும் வேலை அடுப்பெரியத் தேவை. ஆனால் நீங்கள் நிலத்தைக் கைவிட்டவர்கள் அல்லர், நிலத்திலிருந்து எழுப்பப்பட்டவர்கள். திரும்பிப் போகும் நாளில் "இது யாருடைய காணி?" என்று கேட்டால், பதில் உங்கள் பையில் இருக்க வேண்டும்.