கொடியடுப்பும் ஸ்லோ குக்கரும்

உண்பது யாவர்க்கும் பொதுவாயினும், உணவைப் பற்றி எழுதுவது கற்றோர்க்கு ஏற்ற செயலன்று என்றோர் எண்ணம் நம்மிடை நெடுங்காலமாக இருந்து வருகின்றது. கலாசாலை மலரொன்றில் இலக்கியம், சரித்திரம், விஞ்ஞானம் ஆகிய கட்டுரைகளுக்கிடையே அடுப்பையும் சட்டியையும் பற்றிய ஒன்று தலைகாட்டுமாயின், அன்பர் சிலர் நகைக்கவும் கூடும். அதுவும் மாட்டிறைச்சியைப் பற்றியதென்றால், நகைப்போரினும் முகஞ்சுளிப்போர் மிகுதியாவர். ஆயினும் எழுதத் துணிந்தேன். ஏனெனின், இப்பொருளில் விஞ்ஞானமும் உண்டு, சரித்திரமும் உண்டு, நம் மனச்சான்றைத் தொடும் வினாவொன்றும் உண்டு.

சென்ற கோடை விடுமுறையில் நான் பிறந்த சிற்றூருக்குச் சென்றிருந்தேன். சேலத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் இருப்புப்பாதையில் சின்னசேலம் நிலையத்தில் இறங்கி, கல்வராயன் மலைத்தொடரை நோக்கிச் சிறிது தொலைவு சென்றால் எங்கள் ஊரை அடையலாம். மக்காச்சோளமும் மரவள்ளியும் கரும்பும் விளையும் நிலம் அது. 2019ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிந்து கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. உழவு மாடுகள் குறைந்து டிராக்டர்கள் பெருகியதைத் தவிர, எங்கள் தெருவில் நான் கண்ட மாறுதல் அதிகமில்லை.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் அத்தை மகன் அவ்வமயம் ஊருக்கு வந்திருந்தான். வரும்போது ஸ்லோ குக்கர் என்னும் மின்சாரப் பானையொன்றையும் கொணர்ந்திருந்தான். கனத்த மட்பாத்திரம் ஒன்று. அதனைச் சூழ மின்சாரத்தால் மெல்லச் சூடேறும் உறை. மேலே கண்ணாடி மூடி. இவ்வளவே அதன் அமைப்பு. ஆங்கிலேயர் ஞாயிறுதோறும் விரும்பியுண்ணும் ரோஸ்டையும் அதன்மேல் வார்க்கும் கிரேவியையும் எங்களுக்குச் சமைத்துக் காட்டுவதாகக் கூறி, துண்டு போடாத சப்பைக்கறியைக் காலை 8 மணிக்கு அப்பானையுள் வைத்து மூடினான். மாலை 5 மணிக்குத் திறந்தபோது, கத்தியின் துணை வேண்டாமல் கரண்டியாலேயே பிரியுமளவு அது குழைந்திருந்தது. எழுபது வயதைக் கடந்த என் அத்தை அதனைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, “ஏன்டா, இதற்கா அத்தனை பணம் கொடுத்தாய்? நம் வீட்டுக் கொடியடுப்பு செய்துவந்த வேலைதானே இது?” என்றார். யாவரும் நகைத்தோம். ஆனால் பின்னர் எண்ணிப் பார்க்குந்தோறும், அவர் கூறியது முற்றிலும் மெய்யென்றே எனக்குத் தோன்றிற்று.

நகரத்தில் வளர்ந்த மாணாக்கர் கொடியடுப்பைக் கண்டிரார். மண்ணாலாகிய பெரிய அடுப்பின் பக்கத்தே, அதனோடு ஒரு துளையால் இணைந்திருக்கும் சிற்றடுப்பே கொடியடுப்பு. அதற்கென்று தனியே விறகிடுவதில்லை. பெரிய அடுப்பில் சோறு வேகும்போது மிஞ்சும் அனல் துளை வழியே புகுந்து அதனைச் சூடாக்கும். கொதித்து அடங்கிய சட்டியை அதன்மேல் ஏற்றி, வாயைத் தட்டால் மூடிவிட்டால், அது பொங்கவும் செய்யாது, ஆறவும் செய்யாது. அத்தை மாட்டுக்கறிச் சட்டியைக் காலையிலேயே அதில் ஏற்றிவிட்டுக் களையெடுக்கச் செல்வார்; பொழுது சாயத் திரும்பி வந்து இறக்குவார். நாங்கள் இறைச்சியைத் துண்டு போட்டு மிளகாய் அரைத்திட்டோம். ஆங்கிலேயர் முழுக் கண்டமாக வைக்கின்றனர். வேறுபாடு அவ்வளவே. பெரம்பூர், போத்தனூர் முதலிய இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியர் இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி கண்டனர். அவர்கள் முழுக் கண்டத்தை மிளகும் காய்ந்த மிளகாயும் சேர்த்துக் கனத்த பாத்திரத்தில் மூடி, சிறு தீயில் வேகவைத்து, பாட் ரோஸ்ட் என்று வழங்கினர்.

இம்முறைக்கு விஞ்ஞானம் கூறும் காரணம் என்னை? இறைச்சி தசைநார்களால் ஆயது. அந்நார்களைக் கட்டிவைப்பது சவ்வு. சவ்வின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் பொருள். உழைத்து வயது முதிர்ந்த விலங்கில் இக்கட்டு இறுகிப்போயிருக்கும். கடுந்தீயில் வைத்தால் சவ்வு சுருங்கித் தசையைப் பிழியும், நீர் வெளியேறும், கறி செருப்புத்தோல் போலாகும். ஈரத்தோடு கூடிய மிதமான வெப்பத்தில் பல மணி நேரம் இருந்தாலோ, அதே கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகும். இம்மாற்றம் 60 பாகை செல்சியஸுக்கு மேல் மெல்லத் தொடங்கி, 80 பாகையளவில் விரைவுபெறும். ஆறிய கறிச்சாறு மறுநாட்காலையில் கூழ்போல் உறைந்திருப்பதற்குக் காரணம் இந்த ஜெலட்டினே. ஆக, இங்கே வேலை செய்வது தீயின் வலிமையன்று, காலத்தின் நீளம்.

இவ்வுண்மையை மேனாட்டு விஞ்ஞானி ஒருவர் தற்செயலாகவே கண்டார். ரம்போர்டு பிரபு என்னும் பெஞ்சமின் தாம்ஸன் (1753–1814) மியூனிக் நகரத்து ஏழையர் தொழிற்சாலையின் சமையற்கூடத்தில், உருளைக்கிழங்கு உலர்த்துவதற்கென அமைத்த ஒரு பெட்டியுள் ஆட்டின் சப்பையொன்றை வைத்துப் பார்த்தார். மூன்று மணி நேரமாகியும் அது வேகாமையால், சூடு போதாதென்று கைவிட்டு வீடு சென்றார். பணிப்பெண்கள் அதனை அங்கேயே இரவு முழுதும் விட்டுவைத்தனர். காலையிற் பார்த்தால், அது நன்றாய் வெந்து மிகுந்த சுவையுடனிருந்தது.

ஸ்லோ குக்கரின் பிறப்பு இன்னும் சிந்திக்கத்தக்கது. அதனை ஆக்கிய இர்விங் நாக்ஸன் அமெரிக்காவில் வாழ்ந்த யூதர். 1940ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். யூதர் ஓய்வுநாளில் தீ மூட்டலாகாது. ஆதலின் இறைச்சியும் அவரையும் இட்ட பானையை வெள்ளிக்கிழமை மாலையிலேயே ரொட்டிச் சாலையின் அடுப்பில் வைத்து, அதன் எஞ்சிய சூட்டில் இரவு முழுதும் வேகவிட்டு, மறுநாள் எடுத்துண்பர். லித்துவேனியாவின் வில்னா நகரில் இவ்வழக்கம் இருந்ததைத் தம் தாய் கூறக் கேட்டே நாக்ஸன் தம் கருவியைக் கருதினார். அவரது தொழிலை ரைவல் என்னும் கம்பெனியார் 1970இல் வாங்கி, 1971இல் கிராக்-பாட் என்ற பெயரால் விற்கத் தொடங்கினர். எளிய மக்களின் வீட்டுப் பானை இவ்வாறு உலகெங்கும் பரவியது. தன் பாட்டியின் அடுப்பை மறைக்காமல் வெளியிற் சொன்ன ஒரு குடும்பத்தால் இப்புதுமை கிடைத்ததென்பதை நேயர்கள் நினைவிற்கொள்க.

நம் நாட்டு மாட்டிறைச்சிக்கு இம்முறை பிற நாட்டினும் மிகப் பொருந்தும். மேல்நாட்டில் இறைச்சிக்கென்றே வளர்க்கும் இளங்காளைகளை இரண்டு மூன்று வயதிற்குள் அறுக்கின்றனர். அவ்விறைச்சியின் மென்பகுதிகள் சிறிது நேரம் சுட்டாலே போதும். நம் மாநிலத்தில் 1958ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழைப்பிற்கும் இனப்பெருக்கத்திற்கும் உதவாதது என்றோ, தீராத ஊனமோ பிணியோ உற்றதென்றோ சான்று பெற்ற மாட்டையே அறுக்கலாம். ஏரும் வண்டியும் இழுத்து இறுகிய உடல் அது. அதற்கு விரைவுச் சமையல் பொருந்தாது. பிரஷர் குக்கர் சிறு துண்டுகளுக்கு உதவுமேனும், முழுக் கண்டத்தை அதில் வேகவைத்தால், வெளியே நார்நாராய்ப் பிரிந்தும் உள்ளே வறண்டும் போவதையே நான் கண்டிருக்கிறேன்.

செய்ய விரும்புவார்க்கு முறையைச் சுருங்கச் சொல்வேன். ஒன்றரைக் கிலோ எடையுள்ள சப்பையோ தொடையோ ஒரே கண்டமாக வாங்கி, ஈரத்தை நன்கு துடைத்து, உப்பும் மிளகுத்தூளும் மஞ்சளும் தடவுக. இருப்புச்சட்டியில் எண்ணெயைக் காயவைத்து, கண்டத்தின் எல்லாப் பக்கமும் சிவக்குமாறு பத்து நிமிடம் புரட்டுக. இது சாற்றை உள்ளே அடைப்பதற்கென்று 19ஆம் நூற்றாண்டில் லீபிக் என்னும் ரசாயன அறிஞர் கருதினார்; அது பிழையென்று பின்னர்த் தெளிந்தது. சிவந்த மேற்புறம் தரும் மணமும் நிறமுமே இதன் பயன். அதன் ரசாயனத்தை 1912இல் விளக்கியவர் மெயார். பானையின் அடியிற் கால் கிலோ சின்ன வெங்காயம், பத்துப் பூண்டுப் பற்கள், ஒரு துண்டு இஞ்சி இவற்றைப் பரப்பிக் கண்டத்தை அதன்மேல் வைத்து, ஒரு தம்ளர் வெந்நீர் விட்டு மூடுக. நீர் ஆவியாய்ப் போகாதாகலின் அதற்குமேல் வேண்டா. குறைந்த சூட்டில் 8 அல்லது 9 மணி நேரம் விடுக. இடையிடையே மூடியைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்குக. திறக்குந்தோறும் சூடு குறைந்து நேரம் நீளும். பனியில் உறைந்த இறைச்சியை அப்படியே வைக்கலாகாது; 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் நெடுநேரம் கிடந்தால் நோய்க்கிருமிகள் பெருகும்.

வெந்தபின் கண்டத்தை எடுத்து மூடிக் கால் மணி நேரம் வைத்திருந்து, நாரோட்டத்திற்குக் குறுக்கே அரிக. பானையில் நிற்கும் சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை நீக்கி, வேறு பாத்திரத்தில் கொதிக்கவிடுக. ஆங்கிலேயர் அதிற் கோதுமை மாவைச் சேர்த்துக் கெட்டியாக்குவர். எங்கள் பக்கத்து மரவள்ளிக் கிழங்கின் மாவை இரண்டு கரண்டி குளிர்நீரிற் கரைத்து ஊற்றினாலே பளபளப்பான கிரேவி கிட்டும். சுமார் 200 வாட் சக்தியுள்ள பானையானால், இத்தனைக்கும் செலவாகும் மின்சாரம் இரண்டு யூனிட்டைத் தாண்டாது. கண்ணெரியப் புகை குடித்து விறகூதும் துன்பமுமில்லை. ஆதலின் புதுக்கருவியை நான் வெறுப்பவனல்லன். அத்தைக்கும் இப்போது அதுவே பிடித்திருக்கிறது.

இனி என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக் கொடியடுப்பில் அச்சட்டி ஏறிய நாட்களில், “யாராவது கேட்டால் ஆட்டுக்கறி என்று சொல்” என்று எங்களுக்குக் கற்பித்திருந்தனர். பின்னர் வேறோர் ஊரில் விடுதியொன்றில் தங்கிப் பயின்றபோது, ஒருநாள் ஊரிலிருந்து வந்தவர் வாயிலாக அத்தை ஒரு தூக்குச்சட்டி கொடுத்தனுப்பினார். அறையில் அதைத் திறந்தேன். அஃது இன்னதென்று அறிந்த நண்பனொருவன் வாய் பேசாமல் தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே சென்றான். நான் எழுந்துபோய், சட்டியிலிருந்ததைக் குழாயடியிற் கொட்டிக் கழுவினேன். ஒரு பகல் முழுதும் காத்து வேகவைத்த உணவு அது. “நன்றாயிருந்ததா?” என்று அத்தை பின்னர்க் கேட்டபோது, ஆம் என்றேன். அதனை உண்பதற்கு நான் இன்று நாணவில்லை. அன்று கொட்டியதற்கு இன்றும் நாணுகிறேன்.

இஃது என் ஒருவன் கதையன்று. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆம்பூரில் அரசு அதிகாரிகள் ஏற்பாடு செய்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்று கேட்டுப் பலர் வருந்தினர். அது குறித்து ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணங்காட்டி விழாவும் ஒத்திவைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் நாடோறும் உண்ணும் உணவு விழா மேடையேறத் தகாததாயிற்று. மேல்நாட்டு உணவு விடுதியில் ரோஸ்ட் என்று பெயரிட்டுப் பீங்கான் தட்டில் வைத்தால் நாகரிகம். சின்னசேலத்துச் சேரியில் மண்சட்டியில் வைத்தால் இழிவு. பண்டம் ஒன்றே, விஞ்ஞானம் ஒன்றே. வேறுபடுவது சமைத்த கை. ஆகவே நாம் இழித்தது இறைச்சியையன்று, அக்கையையே என்பது தெளிவு.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். பசுவைப் போற்றுவோர் மனத்தைப் புண்படுத்த நான் கருதவில்லை, உண்ணாதவர் உண்ணாதிருக்கட்டும். உழைத்த மாட்டைச் சந்தைக்கு ஓட்டிச் செல்லும் உழவனின் கண்ணீரை நானும் கண்டிருக்கிறேன். சிவப்பிறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015இல் வகைப்படுத்தியதையும் மறைக்கவில்லை. அளவோடு உண்பதே அறிவுடைமை. ஆயின், நான் உண்ணேன் என்பது வேறு. உண்பவனோடு இருந்து உண்ணேன் என்பது வேறு. முன்னது ஒருவர் விருப்பம். பின்னது தீண்டாமையின் எச்சம்.

மாணாக்க நண்பர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இவ்விடுமுறையில் வீடு செல்லும்போது, உங்கள் தாயோ பாட்டியோ எப்பண்டத்தை எவ்வடுப்பில் எத்துணை நேரம் வைக்கின்றார் என்று கேட்டு எழுதி வாருங்கள். ரசாயனம் பயில்வோர் கொடியடுப்புச் சட்டியுள் ஒரு வெப்பமானியை இட்டு, மணிக்கொருமுறை அளந்து குறியுங்கள். அவ்வடுப்புகள் ஆண்டுதோறும் இடிபட்டு வருகின்றன; அவற்றை ஆண்ட முதியோரும் நம்மை விட்டுப் பிரிந்து வருகின்றனர். விடுதிக்குத் திரும்பும்போது தூக்குச்சட்டியில் எதனைக் கொணர்ந்தாலும் அதன் பெயரைச் சொல்லியே திறவுங்கள். அருகிலிருப்போர், உண்ணாவிடினும், தட்டை எடுத்துக்கொண்டு எழாதிருப்பார்களாக.