எந்த ஊர்க் காய்?

போடியில் ஏலக்காயை ஏலம் எடுக்க வரும் வியாபாரிகள் மாதிரிக் காயை விரலால் உருட்டுவார்கள், தோலைப் பிரித்து ஏலரிசியைக் கடித்துப் பார்ப்பார்கள். நிறம், பருமன், லிட்டர் எடை ஆகியவற்றில்தான் விலை நிற்கும். காய் எந்த நாட்டில் விளைந்தது என்று கேட்கும் தேவை முன்பு இருந்ததில்லை. குவாத்தமாலாக் காயைக் கலந்து விற்கிறார்கள் என்று மலை விவசாயிகள் புகார் சொல்லும் இந்நாளில், அதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஏலச்செடி குவாத்தமாலாவுக்குப் போனது முதல் உலகப்போருக்குச் சற்று முன்பு, ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் வழியாக. அந்நாட்டினர் ஏலக்காயை அதிகம் பயன்படுத்துவதில்லை. விளைந்ததில் பெரும்பகுதி கப்பல் ஏறியது. 1980களில் அவர்கள் நம்மை முந்தினார்கள். கஹ்வா காப்பியில் ஏலம் தட்டிப்போடும் அரபு வீடுகளுக்கு அது முதலில் மலிவுச் சரக்கு, போகப்போகப் பழகிய சரக்கு. ஆலப்புழைப் பச்சைதான் உயர்ந்தது என்ற எண்ணமும், அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் விலையும் நமக்கு மிஞ்சின. பூச்சிமருந்து எச்சத்தைக் காட்டி சவூதி அரேபியா நம் காயைத் தடுத்தபோது அந்த எண்ணத்துக்கும் அடி விழுந்தது.

நாட்டின் பெயருக்குக் கிடைக்கும் மதிப்பு நிலையானதல்ல. மலிவான அந்நியச் சரக்கு, குறிப்பாக ஜெர்மன் சரக்கு, பிரிட்டிஷ் பெயரில் விலைபோவதைத் தடுக்க 1887-இல் பிரிட்டன் சட்டம் செய்தது. ஜெர்மனியின் பெயரைப் பொறித்தால் மக்கள் ஒதுக்குவார்கள் என்பது கணக்கு. சில பத்தாண்டுகளில் அந்த முத்திரையைத் தேடி வாங்கினார்கள். ஜப்பான் சரக்கு என்றால் உடனே உடையும் என்று ஒருகாலத்தில் சிரித்தவர்கள் உண்டு; பிற்பாடு ஜப்பான் டேப்ரெக்கார்டருக்காக பர்மா பஜாரில் பேரம் பேசியவர்களும் உண்டு. இரண்டு நாடுகளும் பேரை மீட்டது விளம்பரத்தால் மட்டுமல்ல, சரக்கைத் திருத்தியதால்.

நாமோ இருக்கிற பேரைச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றுகிறவருக்கு அன்றைக்கு நாலு காசு கூடக் கிடைக்கலாம். அதற்கான விலையைக் கொடுப்பவர், விடியற்காலை ஜீப்பில் போடிமெட்டு ஏறிப்போய்க் காய் எடுக்கும் பெண்ணும், மருந்தைக் குறைத்து விளைவிக்கும் சிறு விவசாயியும்தான். ஒருவர் கலந்த சாயம் எல்லார் மூட்டையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது.

2024-இல் குவாத்தமாலாவில் விளைச்சல் சரிந்ததும் அயல்நாட்டு வியாபாரிகள் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார்கள். அங்கே காய் இல்லாததால் வந்தவர்கள் இவர்கள். அங்கே நல்ல மகசூல் கண்டால் திரும்பிப் போய்விடுவார்கள். அவர்களைத் தங்கவைக்க வேண்டுமானால் மூட்டைக்கு மூட்டை எச்சச் சோதனை வேண்டும், சாயம் கலப்பவருக்கு ஏலத்தில் இடம் இருக்கக் கூடாது.

நம் விளைச்சலில் பெரும்பகுதியைத் தின்பது நாமே. மதுரையில் பொட்டலம் வாங்குகிறவருக்கும் விளைந்த இடத்தையும் அறுவடை ஆண்டையும் அறிய உரிமை உண்டு. உள்ளூர்க்காரர் கேட்கத் தொடங்கினால் வியாபாரி சொல்லித்தான் ஆகவேண்டும்.