கியர் பாக்ஸ் காலியா? கொஞ்சம் பொறுங்க பாஸ்!

இந்த வார மெயில்களில் ஒண்ணு மனசைப் பிடிச்சுக்கிச்சு. ஈரோட்டிலிருந்து பி.காம். ரெண்டாம் வருஷம் படிக்கிற ஒரு தம்பி எழுதியிருக்கார். அப்பாவுக்குச் சின்ன வயசிலேயே போலியோவால் இடது காலில் பாதிப்பு. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால செகண்ட் ஹேண்டில் ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கி, அதில்தான் தினமும் கடைக்குப் போய் வர்றார். இப்போ அந்த வண்டி, சிக்னலில் கிளம்பும்போது உதறுதாம். சில சமயம் இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகரலை. ஒர்க்‌ஷாப்பில், "கியர் பாக்ஸ் காலி. முழுசா மாத்தணும். 1.4 லட்சம்"னு சொல்லிட்டாங்க. "அது என் காலேஜ் ஃபீஸுக்கு வெச்சிருந்த பணம். என்ன பண்றதுண்ணா?"

தம்பி, எல்லாம் எழுதினீங்க... அது எந்த வகை ஆட்டோமேட்டிக்னு எழுதலையே! நம்ம ஊரில் கிளட்ச் பெடல் இல்லாத எல்லாத்துக்கும் ஒரே பேரு ஆட்டோமேட்டிக். ஆனா உள்ளே நாலு வெவ்வேறு ஜாதி இருக்கு. ரிப்பேரா, மாத்துறதான்னு முடிவு பண்றதில் பாதி இதிலேயே அடங்கிடும்.

மாருதி 2014-ல் செலேரியோவில் கொண்டுவந்து நம்ம ஊர் பட்ஜெட் கார்களில் பரவின ஏ.எம்.டி. வகைன்னா, அது நிஜத்தில் சாதா மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் உங்க காலுக்கும் கைக்கும் பதிலா ஒரு மெஷின் இயக்குது, அவ்வளவுதான். மேட்டில் பிரேக் பிடிக்காம ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியை நிறுத்தி வெச்சா கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். உதறும், இன்ஜின் கத்தும். பிளேட் செட்டை மாத்தி, ஸ்கேனர் போட்டு புது பிளேட்டுக்கு ஏத்தபடி 'லேர்னிங்' செஞ்சா பெரும்பாலும் சரியாகிடும். இந்த வகை வண்டியைக் காட்டி யாராவது முழு கியர் பாக்ஸையும் மாத்தணும்னா, "எந்த கியர் உடைஞ்சிருக்கு, காட்டுங்க"ன்னு தைரியமா கேளுங்க.

பழைய ஐ10 ஆட்டோமேட்டிக்கில் இருந்த டார்க் கன்வெர்ட்டர் வகை வேற. அதில் ஆயில்தான் எல்லாமே. இன்ஜின் சக்தியைக் கடத்துறது அந்த ஆயிலின் ஓட்டம், உள்ளே இருக்கிற கிளட்ச்களை அழுத்திப் பிடிக்கிறது அதன் அழுத்தம். எங்கேயோ ஒரு சீல் கசிஞ்சு ஆயில் குறைஞ்சாலே வண்டி நகர மறுக்கும். ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்க. சிவப்பா, தெளிவா இருந்தா நம்பிக்கை இருக்கு. கறுத்துப்போய் தீய்ஞ்ச வாசனை வந்தா உள்ளே பிளேட்கள் கருகுதுன்னு அர்த்தம். கீழ்த்தட்டைக் கழட்டும்போது இரும்புத் துகள் மின்னினா ஓவர்ஹாலுக்கு மனசைத் தயார் பண்ணிக்குங்க. புது ஆயில் ஊத்தினா தேய்ஞ்ச பிளேட் திரும்ப வளராது பாஸ்!

சி.வி.டி.யைப் புரிஞ்சுக்க உங்க ஸ்கூட்டரே போதும். ரெண்டு புல்லி, நடுவில் ஒரு பெல்ட். ஸ்கூட்டரில் ரப்பர், காரில் ஸ்டீல். இந்த ஸ்டீல் பெல்ட்டும் புல்லியும் கீறல் விழுந்துட்டா பிரிச்சு ரிப்பேர் செய்யக்கூடிய கை குறைவு. பெரும்பாலும் முழு யூனிட்தான். இதுக்கு ஊத்தவேண்டிய ஆயிலும் தனி. 'எல்லாம் ஒண்ணுதான்'னு சாதா ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊத்துற கடைப் பக்கமே போகாதீங்க.

நாலாவது, டூயல் கிளட்ச். நம்ம மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டில் 2013 முதல் 2017 வரை பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் வந்தது இதுதான், பேரு பவர்‌ஷிஃப்ட். இதே வகை பெட்டி இருந்த ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களில் உதறல் புகார் சொன்னவங்களை நடத்தின விதத்துக்காக, 2018-ல் ஆஸ்திரேலிய ஃபெடரல் கோர்ட் ஃபோர்டின் அந்நாட்டு நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு. அமெரிக்காவில் இந்தப் பெட்டியின் கிளட்ச்சுக்கும், அதைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டருக்கும் தனித்தனியா வாரன்ட்டியை நீட்டினாங்க. ஏன் இந்தக் கதைன்னா, உதறலுக்குக் காரணம் கிளட்ச்சாவும் இருக்கலாம், கம்ப்யூட்டராவும் இருக்கலாம். ரெண்டுமே முழு கியர் பாக்ஸ் இல்லை!

அதனால முதல் செலவு, வேற ஒரு கடையில் ஸ்கேன். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்துக்குங்க. பி0700னு மட்டும் இருந்தா அதில் விஷயமே இல்லை. 'கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர்கிட்ட ஒரு புகார் இருக்கு'ன்னு இன்ஜின் கம்ப்யூட்டர் கை காட்டுது, அவ்வளவுதான். அந்தப் புகார் என்னங்கிற அடுத்த கோடைத்தான் படிக்கச் சொல்லணும். பேட்டரி வீக், எர்த் ஒயர் துரு, கனெக்டரில் தண்ணின்னு அல்ப காரணத்துக்கெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்கள் கோபிச்சுக்கும்.

சரி, நிஜமாவே உள்ளே போயிடுச்சுன்னு வைங்க. அப்போதான் கணக்கு. வண்டி நல்லா ஓடினா 3 லட்சம் போகும், இப்படியே வித்தா 1.5 லட்சம்தான்னு வெச்சுக்குவோம். 1.4 லட்சம் செலவு பண்ணினா விற்பனையில் மிச்சம் 10 ஆயிரம். விக்கிறதுக்காகன்னா வீண் வேலை. ஆனா தம்பி, உங்க அப்பா விக்கப் போறதில்லையே! இதை வித்துட்டு அவர் ஓட்டுற மாதிரி இன்னொரு ஆட்டோமேட்டிக் வாங்க என்ன ஆகும்? அந்தத் தொகையோடுதான் ரிப்பேர் செலவை ஒப்பிடணும். அதோட, வாங்கப்போற செகண்ட் ஹேண்ட் வண்டியின் கியர் பாக்ஸ் எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? இதுவாவது இந்த ரிப்பேருக்கு அப்புறம் தெரிஞ்ச பெட்டி. பாடியும் இன்ஜினும் நல்லா இருந்தா, என் ஓட்டு ரிப்பேருக்குத்தான்.

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய வண்டியில் கழட்டின பெட்டி கிடைக்கும். விலை கம்மி. ஆனா மாடல் பேரு ஒண்ணா இருந்தா மட்டும் பத்தாது, பெட்டி மேல இருக்கிற கோடு நம்பரும் பொருந்தணும். அது எத்தனை கிலோமீட்டர் ஓடினதுன்னு அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். கழட்டி மாட்டுற கூலியும் கணிசம். ஓடலைன்னா அதே கூலி ரெண்டாவது தடவை. எழுத்தில் வாரன்ட்டி தர்ற கடைன்னா யோசிக்கலாம். இல்லைன்னா, நம்பிக்கையான ஆளிடம் இருக்கிற பெட்டியையே ஓவர்ஹால் பண்றது எனக்குப் பிடிக்கும்.

எது செஞ்சாலும் கூலரையும் அதன் பைப்பையும் சுத்தம் பண்ணச் சொல்லி எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்க. பழைய பெட்டியின் இரும்புத் துகள் அங்கேதான் ஒளிஞ்சிருக்கும். சுத்தம் பண்ணலைன்னா புதுப் பெட்டிக்கும் அதே கதிதான். கழட்டின பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்க. பில் இல்லாம பணம் வேண்டவே வேண்டாம். பின்னாடி தகராறு வந்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அந்த பில்தான் பேசும். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணமும் கிடையாது.

ஃபீஸ் கட்டவேண்டிய தேதியை முதலில் பாருங்க தம்பி. அது முன்னாடி வருதுன்னா ஃபீஸைக் கட்டிடுங்க. வண்டி ஒரு மாசம் நிக்கட்டும், அதுவரைக்கும் அப்பாவைக் கடையில் விட ஒரு ஆட்டோ பேசிக்கலாம். உதறுற வண்டியை 'இன்னிக்கு ஒரு நாள்தானே'ன்னு ஓட்ட வேண்டாம். இன்னிக்கு பிளேட்டோடு போறது, நாளைக்கு டிரம்மையும் சேர்த்துக் கெடுக்கும். இன்னொரு கடைக்குக் கொண்டு போகும்போது கயிறு கட்டி இழுக்காதீங்க. முன் சக்கரம் ஓட்டுற வண்டின்னா முன்பக்கத்தைத் தூக்கித்தான் போகணும். முடிஞ்சா முழு வண்டியையும் ஏத்திக்கிட்டுப் போற லாரியா பார்த்துக் கூப்பிடுங்க.