காதொலிக் கருவிகளை அளந்து பொருத்திச் சரிசெய்யும் பணியைத் திருத்தங்கலில் ஏற்படுத்தக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், விருதுநகர்.
நகல்: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை அலுவலர், சிவகாசி.
அனுப்புநர்: திருத்தங்கல் வட்டாரச் செவித்திறன் குறைந்த தொழிலாளர், முதியோர் சங்கத்தினர்.



2021ஆம் ஆண்டு சிவகாசி மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட திருத்தங்கலில், அச்சகங்களிலும் தீப்பெட்டி ஆலைகளிலும் பட்டாசுத் தொழிலிலும் உழைத்துக் கேள்திறன் குறைந்தவர்கள், இணைய வணிகத்திலும் தள்ளுபடிக் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கும் கருவிகளையே பெரும்பாலும் நாடுகின்றனர். அவ்வாறு வாங்கியவையும் முகாம்களில் இலவசமாகப் பெற்றவையும் சில நாட்கள் காதில் இருந்துவிட்டுப் பின்னர் பெட்டிக்குள் போய்விடுவது வழக்கமாகிவிட்டது. விலை குறைவு என்பது இதற்குக் காரணமன்று. கருவி எவர் காதுக்கு உரியதோ அந்தக் காதை அளந்து, அதற்கேற்பக் கருவியைத் திருத்தித் தருவதற்கு ஆளில்லை என்பதே காரணம் என்று இச்சங்கம் கருதுகிறது.

பட்டாசுத் தொழில் பெரும்பாலும் கைவேலை என்பதால், வெடிச் சோதனையின் அருகே நிற்பவர்களை விட்டால், ஆண்டுக்கணக்கில் ஆஃப்செட் எந்திரங்களின் இரைச்சலில் நிற்கும் அச்சகத் தொழிலாளர்களின் காதுகளே இங்கு மிகுதியாகக் கவனிக்கப்பட வேண்டியவை. இரைச்சலால் வரும் செவிக்குறை எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. அது முதலில் வினாடிக்கு 4000 அதிர்வுகளை ஒட்டிய உயர்ந்த ஒலிகளைத் தாக்குகிறது. உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வுகளில் வலுவாக இருப்பதால் காதில் விழுகின்றன. சொல்லுக்குத் தெளிவு தரும் மெய்யொலிகள் பல நழுவிவிடுகின்றன. "சத்தம் கேக்குது, பேச்சு வெளங்கல" என்று பாதிக்கப்பட்டோர் கூறுவது இதனையே. தள்ளுபடி விலையில் வரும் எளிய ஒலிபெருக்கி, தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் சேர்த்தே உயர்த்துவதால், இரைச்சல் பெருகுகிறதேயன்றிப் பேச்சு தெளிவதில்லை. உச்ச ஒலிக்கு வரம்பு வைக்கப்படாத கருவி எஞ்சியிருக்கும் கேள்திறனையும் கெடுக்கக்கூடும்.

காதொலிக் கருவி என்று சொல்லத் தகுந்தது, ஆடியோகிராம் எனப்படும் கேள்திறன் வரைபடத்தைக் கொண்டு அமைக்கப்படுவதாகும். 250 முதல் 8000 வரையிலான அதிர்வெண்களில் ஒவ்வொரு காதும் எவ்வளவு மெல்லிய ஒலியைக் கேட்கிறது என்று அளந்து, எந்த அதிர்வுக்கு எவ்வளவு பெருக்கம் வேண்டும் என்பதைக் கணினி வழியே கருவிக்குள் பதிவது முதல் படி. காதுமடலின் பின்புறம் மாட்டும் திறன்மிக்க கருவிக்கு, அவரவர் காதுக் குழியின் வடிவில் வார்த்த காது அச்சு தேவை. அது சரியாகப் பொருந்தாவிட்டால் வெளியே கசியும் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து விசிலாகக் கேட்கும். மெல்லிய குழாயைக் காதினுள் வைத்து, செவிப்பறையருகே உண்மையில் வந்துசேரும் ஒலியை அளப்பது அடுத்த படி. இவ்வளவு செய்தும், நெடுநாள் கேளாதிருந்த ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆவதால், முதல் நாள் வைத்த அளவை இரண்டு மூன்று முறையேனும் மாற்றியமைக்க நேரும். தன் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதாக ஒருவர் முறையிட்டால் அது கருவியின் பழுதன்று, திருத்தத் தக்க அமைப்பே. அதைச் சொல்ல ஆளில்லாமையால்தான் கருவி பெட்டிக்குப் போகிறது.

மலிவும் நல்ல சேவையும் ஒன்றாக இருக்க முடியாது என்பதும் உண்மையன்று. அமெரிக்காவின் காஸ்ட்கோ போன்ற தள்ளுபடி அங்காடிகளில் கேள்திறன் சோதனையும் பின்தொடர்ந்து செய்யும் திருத்தங்களும் கருவியின் விலைக்குள்ளேயே அடங்குகின்றன. அந்நாடு 2022 அக்டோபரில், லேசான, மிதமான குறையுள்ள பெரியவர்கள் மருத்துவச் சீட்டின்றியே கருவி வாங்க வழிசெய்தபோது, உச்ச ஒலிக்கு வரம்பையும் சேர்த்தே விதித்தது.

சட்டத்தின் இடைவெளியும் இங்கே குறிப்பிடத் தக்கது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சொலிக்குரிய அதிர்வெண்களில் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்புள்ளவரையே செவித்திறன் குறைந்தவர் என வரையறுக்கிறது. இந்த அளவு பல அதிர்வெண்களின் சராசரி என்பதால், தாழ்ந்த ஒலிகளை நன்றாகவும் உயர்ந்த ஒலிகளை மிகக் குறைவாகவும் கேட்கும் அச்சகத் தொழிலாளியின் சராசரி வரம்பைத் தொடுவதில்லை. ஆகவே மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் இல்லை, 1981 முதல் நடைபெறும் மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தின் கருவியும் இல்லை. 2017இல் தொடங்கிய, இத்தகைய கருவிகளை வழங்கும் வயோஸ்ரீ திட்டமோ அறுபது வயது கடந்த வறியோருக்கு மட்டுமே உரியது. இரைச்சலால் வரும் செவிக்குறையை அறிவிக்க வேண்டிய தொழில்நோயாக 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையே முன்பே ஏற்றிருந்தும், அந்நோய் பெற்றவர் தள்ளுபடிக் கடைக்குத்தான் அனுப்பப்படுகிறார் என்பது வியப்புக்குரியது.

எனவே, சிவகாசி அரசு மருத்துவமனையில் தகுதி பெற்ற கேட்பியல் வல்லுநர் ஒருவரை, ஒலிபுகா அறை, காது அச்சு எடுக்கும் வசதி ஆகியவற்றுடன் நிலையாக அமர்த்தவும், அவர் மாதத்தில் இரு நாட்களேனும் திருத்தங்கலில் மாநகராட்சிக் கட்டடம் ஒன்றில் பணியாற்றவும் ஆணையிடுமாறு இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது. முகாமில் பெற்றதாயினும் கடையில் வாங்கியதாயினும் கருவியின் வகை பார்க்காமல் அங்கே சரிசெய்யப்பட வேண்டும். அரசு கொள்முதலுக்கான ஒப்பந்தப்புள்ளிகளில், ஓராண்டுக் காலத் திருத்தப் பணியும் காது அச்சும் மின்கலன்களும் விலைக்குள் அடங்க வேண்டும் என்பதோடு, கருவியின் மென்பொருளை வேறு வல்லுநர் திறக்க முடியாதபடி பூட்டி வைக்கலாகாது என்னும் விதியும் சேர்க்கப்பட வேண்டும். மாவட்டத்தில் விற்கும் கடைகள், தாம் விற்பது ஒலிபெருக்கியா, அளவுக்கேற்ப அமைக்கத்தக்க காதொலிக் கருவியா என்பதை ரசீதில் தமிழில் எழுதித் தருமாறு நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர்கள் வழியே அறிவுறுத்தப்பட வேண்டும். தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் உள்ள அச்சகத் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் கேள்திறன் சோதனை நடத்தப்பட வேண்டும்.

மின்கலனால் இயங்கும் இக்கருவியை அணிந்தவர் பட்டாசு ஆலையின் எந்தெந்த அறைகளுக்குள் செல்லலாம், எங்கே கழற்றி வைக்க வேண்டும், கழற்றிய பின் அபாய எச்சரிக்கை அவருக்கு எவ்வாறு எட்ட வேண்டும் என்பவற்றைச் சிவகாசியிலுள்ள வெடிபொருள் பாதுகாப்பு அலுவலகத்தைக் கலந்து, தமிழில் ஓர் அறிவிப்பாக வெளியிட்டு, ஒவ்வோர் ஆலையின் வாயிலிலும் ஒட்டுமாறும் இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
திருத்தங்கல்