ஒலியும் விலைச்சீட்டும்

கலைக்குள் வணிகம் புகும்போது அது முதன்முதலிற் பறிப்பது கலைஞனின் தன்னம்பிக்கையையே. "உன்னிடம் உள்ளது போதாது" என்று அவனை நம்பச் செய்கிறது. பின்னர் அந்தப் போதாமைக்கு மருந்தென்று தன் சரக்கையே நீட்டுகிறது. இச்சூழ்ச்சி எத்தனையோ துறைகளில் நடைபெறுகின்றது. மின்கிற்றாரை வீட்டு அறையிலே வாசித்து, அதனை நல்ல ஒலியுடன் பதிவுசெய்ய விழையும் இளைஞரிடையே அது சற்றும் வெட்கமின்றி நடைபெறுகின்றது.

நல்ல ஒலி வேண்டுமா? இன்ன மரத்திற் செய்த கிற்றாரை வாங்கு. வால்வு பொருத்திய அம்பிளிபயரை வாங்கு. காலடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெடல்களை அடுக்கு. இவை இல்லாதவன் ஒலிப்பதிவைப்பற்றிப் பேசவும் தகுதியற்றவன். இதுவே அவர்களுக்கு ஓதப்படும் வேதம். நம்மிடம் பயிலும் மாணவர் சிலர், கையிலே கிற்றார் இருந்தும், சொந்தமாகப் பாட்டுக் கட்டும் ஆற்றல் இருந்தும், "நல்ல சாமான் வாங்கிய பிறகு பதிவுசெய்வோம்" என்று ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பதை நாம் கண்டுள்ளோம். அந்தச் சாமான் வரும்போது அதனிலும் மேலானது ஒன்று கடையில் வந்துவிடும். பாட்டு மாத்திரம் வராது.

வீட்டுப் பதிவிலே தீய ஒலிக்கும் நல்ல ஒலிக்கும் இடையே உள்ள தூரத்திற் பெரும்பகுதியைக் கடக்கச் செய்பவை அறிவும் உழைப்புமே. பணம் கடக்கச் செய்வது சிறுபகுதியே என்பது நமது வாதம். அந்த அறிவு எவருடைய தனிச்சொத்தும் அன்று. அதற்கு விலைச்சீட்டு ஒட்டுவதையே நாம் எதிர்க்கின்றோம்.

மக்களின் வாழ்வையும் இலக்கியத்தையும் பேசவேண்டிய ஏட்டிலே மின்கிற்றாருக்கு என்ன வேலை என்று நண்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அது மேல்நாட்டுச் செல்வரின் கேளிக்கைக் கருவி என்பது அவர்தம் அபிப்பிராயம். அவர்கள் மடி வோட்டர்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞரின் வரலாற்றை அறிதல் நன்று. மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டோவால் பருத்தித் தோட்டத்திலே உழைத்தவர் அவர். 1941இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக அலன் லோமக்ஸ் பதிவுக் கருவியுடன் சென்று, அவரது இசையை அத்தோட்டத்து வீட்டிலேயே பதிவுசெய்தார். 1943இல் அவர் சிக்காகோ நகருக்குப் பெயர்ந்தார். பகலிலே ஆலையிலும் லொறியிலும் வேலை, இரவிலே இசை. உழைத்துக் களைத்தவர்கள் கூடி இரையும் மதுச்சாலைகளில் மரக்கிற்றாரின் மெல்லிய குரல் எடுபடவில்லை. அதனாலேயே அவர் மின்கிற்றாரை ஏந்தினார். உழைக்கும் மக்களின் இரைச்சலுக்கு மேலாகத் தன் குரலைக் கேட்கச் செய்ய ஓர் உழைப்பாளி எடுத்த கருவியை நாம் ஏன் செல்வரிடம் விட்டுக்கொடுத்தல் வேண்டும்?

இனி, "விலையுயர்ந்த கருவியின்றி நல்ல ஒலி இல்லை" என்ற கூற்றை வரலாற்றின் முன் நிறுத்துவோம்.

1948இல் வெளிவந்த 'லவர்' என்ற இசைத்தட்டில் லெஸ் போல் என்னும் கலைஞர் ஒருவராகவே எட்டுக் கிற்றார்களின் குரலை ஒலிக்கச் செய்தார். அது ஹொலிவூட்டில் அவர் வீட்டுக் கார்க்கொட்டகையிலே பிறந்த பதிவு. ஒரு தட்டில் வாசித்துப் பதிவுசெய்து, அதனை ஒலிக்கவிட்டு, அதனுடன் சேர்ந்து மீண்டும் வாசித்து மற்றொரு தட்டிற் பதிவுசெய்யும் முறையை அவர் கையாண்டார். தட்டுகளை வெட்டும் பொறியையும், கடிலாக் மோட்டார்க் காரின் எஞ்சினிலுள்ள கனத்த சில்லைக் கொண்டு, தாமே அமைத்துக்கொண்டார். 1952இலிருந்து கிப்சன் நிறுவனம் அவர் பெயரைத் தாங்கிய கிற்றாரை விற்கலாயிற்று. அன்று தொட்டு அவர் பெயரை விலை கொடுத்து வாங்கலாம். அந்தக் கொட்டகையின் பொறுமையை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

1964இல் வடக்கு லண்டனிலே தொழிலாளர் குடும்பமொன்றைச் சேர்ந்த டேவ் டேவிஸ் என்ற இளைஞர், தமது சிறிய மலிவான அம்பிளிபயரின் ஸ்பீக்கர்க் கூம்பைச் சவர அலகினாற் கீறினார். கிழிந்த கூம்பு கரகரத்தது. அக்கரகரப்பைப் பெரிய அம்பிளிபயர் ஒன்றினூடாகச் செலுத்தினார். கிங்க்ஸ் குழுவின் 'யூ றியலி கொட் மீ' என்ற பாட்டிலே உலகம் கேட்டது அந்த ஒலியையே. பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்திற் பதிவானது உண்மை. ஆனால், அந்த ஒலியைக் கண்டுபிடித்தது கூடமன்று. அலகு பிடித்த கையே.

1972 அளவிலே குயீன் குழுவின் ஜோன் டீக்கன் லண்டன் தெருவோரக் குப்பைத் தொட்டியில் ஒரு மின்சுற்றுப் பலகையைக் கண்டெடுத்தார். அதனை ஒரு சிறு ஸ்பீக்கர்ப் பெட்டியினுட் பொருத்தி, 9 வோல்ற் பற்றரியில் இயங்கச் செய்தார். அக்குழுவின் பிறையன் மே, தம் தந்தையாருடன் 1963இல் தொடங்கிப் பழைய அடுப்பங்கரைச் சட்டத்தின் மரத்தையும் பயன்படுத்திக் கட்டிய கிற்றாரை அதிலே இணைத்து, வயலின் குழுவையும் ஊதுகுழல்களையும் ஒத்த அடுக்கொலிகளைப் பதிவுசெய்தார்.

இவற்றைக் கூறுவதால் நாம் வறுமையைப் போற்றுகின்றோம் என எவரும் எண்ணவேண்டா. கந்தற் கருவியே உண்மைக் கலையைத் தரும் என்பது மற்றொரு மாயை; அதனையும் வணிகன் விட்டுவைக்கவில்லை. டீக்கனின் குப்பைத்தொட்டி அம்பிளிபயருக்குப் பிரதிகள் செய்து விற்றனர். புதுக் கிற்றாரின் வண்ணத்தை வேண்டுமென்றே உரசித் தேய்த்து, பழையதுபோல் ஆக்கி, புதியதைவிடக் கூடிய விலைக்கு விற்கின்றனர். உழைப்பாளியின் கையிலே காலம் ஏற்படுத்திய தேய்வையும் தொழிற்சாலையிற் செய்து விற்கும் அமைப்பு இது. இல்லாமையிலும் ஆராய்ந்து வழிகண்ட அறிவையே அவ்வரலாறுகளிலிருந்து நாம் பெறவேண்டும்.

அந்த அறிவு யாது? அதன் அடிப்படை நமது பாடசாலைப் பௌதிகவியலிலேயே உள்ளது. காந்தத்தின்மேல் உருக்குத் தந்தி அதிர்கின்றது; காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கின்றது. 1831இல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இது. சுரமானித் தந்தியை நடுவிற் சுண்டினால் ஒலி மென்மையாகவும், பாலத்தை அண்மிச் சுண்டினால் மேற்றொனிகள் மிகுந்து கூர்மையாகவும் இருப்பதை ஆசிரியர்கள் செய்துகாட்டலாம். கிற்றாரிலும் அதுவே நிகழ்கின்றது. கை நான்கு விரல் இடம் மாறுவதால் உண்டாகும் வேறுபாட்டைப் பெறுவதற்குப் புதுப் பெடல் வாங்குகின்றவர்கள் உளர்.

பலருடைய முதற் பதிவு கெடுவது கணினியின் ஒலிவாங்கித் துளையிலே கிற்றாரை நேரே செருகுவதனால். கிற்றாரின் மின்சைகை மிக நலிந்தது. அதனைப் பெறும் வாயில் ஏறத்தாழ 10 இலட்சம் ஓம் தடையுடையதாக இருத்தல் வேண்டும். தடை குறைந்த வாயிலிலே உயர்ந்த ஒலிகள் மடிந்து, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஓசை மங்கும். இளைஞர் இன்டர்பேஸ் என்று கூறும் சிறு பெட்டியின் கிற்றார்த் துளை இதற்கென்றே உள்ளது.

இரண்டாவது கேடு இதற்கு நேர்மாறானது. அம்பிளிபயர் இன்றி நேரே பதிவுசெய்த கரகரப்பான ஒலி, தேனீக்கூட்டம் இரைவதுபோற் காதைக் குத்தும். கிற்றாருக்கென அமைந்த 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸ் மீடிறனுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெரிதும் தடுத்துவிடுகின்றது. அந்த வடிகட்டலைக் கிற்றாரின் இயல்பான குரலாகவே நம் காது பழகிக்கொண்டது. ஸ்பீக்கரின் இந்தத் தொழிலைக் கணினியிற் செய்யும் மென்பொருள்கள் பல கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 'நியூறல் அம்ப் மொடலர்' என்பது அம்பிளிபயர் ஒன்றின் நடத்தையைக் கற்று அவ்வாறே ஒலிக்கும் மென்பொருள். அதன் மூலநிரலும் அனைவருக்கும் திறந்துள்ளது.

அம்பிளிபயர் உள்ளவர் ஒலிவாங்கியை வைக்கும் இடத்தைக் கற்றல் வேண்டும். ஸ்பீக்கரை மூடிய துணியிலிருந்து 2 அல்லது 3 சென்ரிமீற்றர் தள்ளி வைத்துத் தொடங்கலாம். கூம்பின் நடுவை நோக்கினால் ஒலி கூர்மையாகும். ஓரத்தை நோக்க நோக்கக் கனத்து மங்கும். இரண்டுக்கும் இடையே விரற்கடை விரற்கடையாக நகர்த்தி, ஒவ்வோரிடத்திலும் பதிவுசெய்து கேட்டு, பொருந்திய இடத்தைக் காண ஒரு மாலைப்பொழுது செல்லும். 1965இல் வெளிவந்த ஷூர் எஸ்எம்57 என்ற எளிய ஒலிவாங்கியைப் பெருங்கூடங்களும் இன்றுவரை இதற்குப் பயன்படுத்துகின்றன. அந்த ஒரு மாலைப்பொழுதை மாத்திரம் எவரும் பெட்டியில் அடைத்து விற்பதில்லை.

கரகரப்பை மிகுத்தால் கம்பீரம் மிகும் என்பதும் பொய். அறையிலே தனித்து வாசிக்கும்போது இன்பந்தரும் அளவு, பதிவிலே சேறாகும். பல பதிவுகளை அடுக்கும்போது சுரங்களே அடையாளமிழக்கும். சற்றுக் குறைத்து வாசிப்பதே தக்கது. அகன்ற ஒலி வேண்டுவோர் அதே பகுதியை இருமுறை வாசித்து, ஒன்றை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் வைத்தல் வேண்டும். ஒரே பதிவைப் பிரதிசெய்து இருபுறமும் வைத்தால் சத்தம் கூடுமேயன்றி அகலம் பிறவாது. இரு வாசிப்புகளுக்கிடையே மனிதக் கை செய்யும் நுண்ணிய வேறுபாடுகளே அந்த அகலத்தைத் தருகின்றன. பழைய தந்தியை மாற்றுதல், ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் சுருதி சேர்த்தல், நமது நாட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் குறையும்வரை கிற்றாருடன் திரும்பி உட்காரும் திசையை மாற்றிப் பார்த்தல், இவையும் அவ்வாறே சிறு செலவிலோ செலவின்றியோ ஆகுபவை.

வணிகன் எங்கே ஏமாற்றுகின்றான் என்பதையும் சொல்லுதல் கடன். 1933இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சரும் மன்சனும் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டனர். ஒலி மெலிந்திருக்கும்போது மனிதக் காது தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் குறைவாகவே உணரும். சத்தம் கூடக்கூட அவை நிறைந்து கேட்கும். ஆகவே, ஒரே ஒலியைச் சற்று உரத்துக் கேட்டாலும் அது மேலான ஒலியென்று காது தீர்ப்பளித்துவிடும். பழைய பெடலுக்கும் புதிய பெடலுக்கும் ஒப்பீடு காட்டும்போது புதியது சிறிதளவு உரத்து ஒலித்தாற் போதும், விற்பனை முடிந்தது. இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்கும் பழக்கமுடையவனை ஏமாற்றுவது கடினம். வணிகம் கேட்பவனின் அறிவை வளர்க்க விரும்பாததன் காரணம் இதுவே.

பணமே வேண்டாமா? வேண்டும். இன்டர்பேஸ் ஒன்று, ஒலிவாங்கி ஒன்று, நம்பத்தக்க ஹெட்போன் ஒன்று, அவற்றை இணைக்க ஒரு கணினி: இவை விலைக்கே வரும். இவையும் பல குடும்பங்களுக்கு எட்டாதவை என்பதை மறைப்பது நேர்மையன்று. ஆயின், இவற்றை ஏன் ஒவ்வொருவனும் தனித்தனியே வாங்கவேண்டும்? ஒருவன் வாரத்தில் இரண்டு மணிநேரம் பயன்படுத்தும் கருவி எஞ்சிய நேரமெல்லாம் உறங்குகின்றது. பாடசாலையின் சுரமானியை எந்த மாணவனும் வீட்டுக்கெனத் தனியே வாங்குவதில்லை. நூல் நிலையத்துப் புத்தகத்தை ஒரு கிராமமே படிக்கின்றது. அவ்வாறே ஒரு பாடசாலைக்கு, ஒரு வாசிகசாலைக்கு, ஒரு சனசமூக நிலையத்துக்கு ஒரு தொகுதி ஒலிப்பதிவுக் கருவிகள் இருந்தாற் போதும். பௌதிகவியல் ஆசிரியரும் சங்கீத ஆசிரியரும் ஒரே அறையில் அமர்ந்து அதனைக் கற்பிக்கட்டும். கருவியைப் பொதுவில் வைப்பதும் அறிவைப் பொதுவில் வைப்பதும் ஒரே பணியின் இரு பக்கங்கள்.

இத்தனைக்கும் பயன் என்ன என்று கேட்கலாம். யாருடைய வாழ்க்கை பதிவாகின்றதோ அவருடைய வாழ்க்கையே நாளைய தலைமுறையின் காதில் விழும். நல்ல ஒலி, வசதி படைத்தவர்க்கே உரியது என்று நம் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்களாயின், அவர்கள் பிறருடைய பாட்டுக்குக் கேட்போராக மாத்திரமே வாழ்ந்து முடிவர். ஆசிரிய நண்பர்கள் தங்கள் மாணவரிடம் உள்ள கிற்றார் எதுவாயினும் அதனை எடுத்துவரச் சொல்லட்டும். பாடசாலையில் இருக்கும் கணினியைத் திறக்கட்டும். இந்த மாதமே ஒரு பாட்டைப் பதிவுசெய்யட்டும். முதற்பதிவு செம்மையாக இராது. குறை எங்கே என்று கூடியிருந்து கேட்டு, ஒலிவாங்கியை ஒரு விரற்கடை நகர்த்தி, மீண்டும் வாசித்துப் பார்க்கட்டும்.